அறுபதில் பதிமூன்று

முதலில் ஒழுகியது திமிங்கில எலும்பின் மேல்.
வாளி வைத்தோம்.
பிறகு பழைய கடல் வரைபடத்தின் மேல்.
இன்னொரு வாளி.
ஆகஸ்ட் முடிவதற்குள்
காட்சிப் பொருள்களைவிட வாளிகள் மிகுந்துபோயின.
ஒரு ஜெர்மன்காரர்
நீல வாளியை இரண்டு சுற்று சுற்றி வந்து
விளக்க அட்டையைத் தேடினார்.

சிலோயே தீவில் மழைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.
நுழைவுச் சீட்டு கிழிப்பவன் நான்,
வாளிக்கு வைத்தேன்.

கூரையெல்லாம் அலேர்சே மர ஓடு.
அந்த மரத்தை இனி வெட்டக் கூடாது, சட்டம்.
இடிக்கிற வீடுகளிலிருந்து கழற்றி
ஒவ்வொன்றாய் விற்கிறார்கள்,
பிணத்தின் பல்லைப் பிடுங்கி விற்பதுபோல.

காற்றில் பெயர்ந்து விழுந்த ஓடொன்றை
நெல்டா கோலிவோரோ எடுத்துப்போனாள்.
மூன்று வாரம் செதுக்கினாள்.
கவிழ்த்துப் போட்ட படகு,
அதனடியில் ஒண்டிய நாய்.
மழையை மட்டும் அவள் செதுக்கவில்லை.
மையைத் தடவித் தாளை ஒற்றியபோது
மரத்தின் ரேகைகளே
சாய்ந்து பெய்தன.

அறுபது பிரதி, அதற்குமேல் கிடையாது என்றாள்.
ஏன் அறுபது?
மை இருக்கிறது, தாள் இருக்கிறது, கட்டை தேயவில்லை.
அறுநூறு போட்டால் முழுக் கூரையும் மாற்றலாமே.
"அறுநூறு இருந்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள்."
விரலிடுக்கு மையைத் துடைத்தபடி,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
இல்லாமைக்கு விலை போட்டிருக்கிறோம்.
இந்தத் தீவில்
அது இத்தனை காலம் சும்மா கிடைத்த சரக்கு.

திமிங்கில விலா எலும்புகளுக்கிடையே கயிறு கட்டி
ஈரத் தாள்களை உலர்த்தினோம்,
வாளிகளுக்கு வழிவிட்டு.
நெல்டா பென்சிலால் எண்ணிட்டாள்.
ஒன்றாம் எண்ணுக்கு மூன்று பேர் சண்டை,
சாந்தியாகோவின் பல் மருத்துவர் வென்றார்.
பதினெட்டு தேசிய தினமாம், மேயர் எடுத்துக்கொண்டார்.
கடைசி எண் வேண்டுமென்று ஹாம்பர்க்கிலிருந்து கடிதம்,
அந்த நீல வாளிக்காரர்தான்.
பதிமூன்றைத் தொட ஆளில்லை.

முங்கி மட்டி எடுக்கிற ஓனோஃப்ரே சிகுவாய்
அதைக் கேட்டு வந்தார்.
நான்கு தவணை.
இரண்டாம் தவணை பணமாக வரவில்லை,
ஒரு சாக்கு மட்டியாக வந்தது.
பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
வேகவைத்து நானும் நெல்டாவும் தின்றோம்.
தொகையை நான் கட்டினேன்.

நான்காவது தவணை முடிந்த அன்று
படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அண்ணாந்து பார்த்தார்.
"இதில் என்னுடையது எது?"
விளையாட்டல்ல, நின்றுகொண்டே இருந்தார்.
தச்சனைக் கேட்டு வந்து காட்டினேன்.
வடக்குச் சரிவில், புகைபோக்கிக்குக் கீழே,
வரிசையாய் நான்கு ஓடு.
"ஒழுகினால் எனக்குச் சொல்லி அனுப்பு" என்றார்.
பல் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை.
மேயரும்.

கடைசித் தாள் எடுத்ததும்
கட்டையைக் கெடுத்துவிட வேண்டும், அதுதான் முறை.
குறுக்கே ஓர் உளிக்கோடு,
மறுபடி அச்சிடோம் என்கிற சத்தியம்.
நெல்டா உளியை எடுத்தாள்.
வைத்தாள்.
மறுநாளும் எடுத்து வைத்தாள்.
கடைசியில் தச்சனிடமே கொடுத்துவிட்டாள்.
அவன் அதை விழுந்த இடத்திலேயே பொருத்தி,
படம் வானத்தைப் பார்க்க,
ஆணி அடித்தான்,
படகில் ஒன்று,
நாயின் காதோரம் ஒன்று.

பணம் வடக்குச் சரிவோடு தீர்ந்தது.
தெற்கு ஜன்னலருகே நீல வாளி
இன்னும் உட்கார்ந்திருக்கிறது.
போன வாரம் நானே ஓர் அட்டை எழுதி
அதன்மேல் ஒட்டினேன்:

மழைநீர், பிளாஸ்டிக்.
பிரதிகளுக்கு வரம்பில்லை.